விழும்போது டாக்னி எத்தனை கிலோ?

டாக்னி ஸ்ட்ரண்டெல் புவியீர்ப்பைப் பற்றிப் படிக்கப் போனதற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல, கிறிஸ்துமஸ் பன்றித்தொடை. அந்த வருஷம் தொடை பெரியதாக வந்துவிட்டது. வீட்டில் இருப்பதோ அவளும் கணவன் ஹில்டிங்கும் மட்டும். ஹில்டிங் இரண்டு துண்டு தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிற ஆள். மிச்சத்தைக் குப்பையில் கொட்ட டாக்னிக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், தட்டில் மீதி வைக்கிற பிள்ளைகளைத் தினமும் கடிந்துகொள்கிறவள், தானே எப்படிக் கொட்டுவாள்? கடுகு விழுதைத் தடவித் தடவிப் புதுவருஷம் பிறப்பதற்குள் தீர்த்துவிட்டாள். குங்குமப்பூ பன்னும் மிட்டாயும் அந்தக் கணக்கில் சேராது.

ஜனவரியின் முதல் செவ்வாய்க்கிழமை நெருங்க நெருங்க அவள் நாள்காட்டிப் பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டாள். ஸ்வீடனின் வடக்குக் கடற்கரையில் இருக்கிற லோவ்ஹாம் சின்ன ஊர். அங்கே செவ்வாய் மாலைகளில் தேவாலயக் கூடத்தில், டாக்னியும் உறுப்பினராக இருக்கிற எடைகுறைப்போர் சங்கம் கூடும். சங்கத்தை நடத்துகிற ஐரிஸ் பகலெல்லாம் தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுகிறவள். மாலையில் அதே குரலில் பெண்களை எடை போடுவாள். நிற்கிற தராசு, மேலே கம்பி, கம்பியில் நகர்த்துகிற குண்டு. குண்டு நின்ற இடத்தைக் கூடத்தின் கடைசி நாற்காலிவரை கேட்கும்படி சொல்லுவாள்.

காரணமில்லாமல் போகாமல் இருக்க முடியாது. ஐரிஸ் வீட்டுக்கே போன் போடுவாள். ஆனால் படிப்பு வட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் லோவ்ஹாமில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். குளிர்காலம் முழுக்க ஊரில் பாதிப்பேர் ஏதாவதொரு வட்டத்தில் உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருப்பார்கள். அதைக் குறை சொல்வது ஜெபத்தைக் குறை சொல்வது மாதிரி. டாக்னி நூலகத்துக்குப் போய்ச் செவ்வாய் மாலையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நாற்காலிக்கு மெத்தை தைக்கிற வட்டம் நிரம்பிவிட்டது. இத்தாலிய மொழியும் நிரம்பிவிட்டது. 'புவியீர்ப்பு, எல்லோருக்கும்' என்பதில் மட்டும் எத்தனை இடம் வேண்டுமானாலும் இருந்தது.

நூலகத்தின் நிலவறையில் நடந்த அந்த வட்டத்துக்கு வாத்தியார் கிடையாது. ஒரு புத்தகம், ஒரு காபி குடுவை, யாரிடம் சாவி இருக்கிறதோ அவர் தலைவர். சாவி மருந்துக்கடைக்காரர் ஃபோல்கெயிடம் இருந்தது. அவருக்கும் புவியீர்ப்பு தெரியாது, அதனால்தான் சேர்ந்திருந்தார். இன்னொரு உறுப்பினர் சிக்ஸ்டன். கப்பல்களுக்குத் துறைமுகத்தில் வழிகாட்டி ஓய்வுபெற்றவர், எதையும் எதிர்த்துப் பேசாமல் விடமாட்டார். ஆளுக்கொரு பக்கம் சத்தமாகப் படிப்பார்கள். பிறகு காபி தீரும்வரை விவாதிப்பார்கள். டாக்னி முதல் சில வாரங்கள் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று ஃபோல்கெ படித்தபோது ஒரு காலுறையின் குதிகாலை முடித்தாள்.

பிப்ரவரியில் நிலாவைப் பற்றிய பக்கம் வந்தது. நிலாவில் நம் எடை ஆறில் ஒரு பங்குதான் என்று புத்தகம் சொன்னது. டாக்னியின் ஊசி நின்றது.

“அப்போ நான் அங்க எத்தனை கிலோ? எண்பத்திநாலுன்னு வெச்சுக்குங்க. ஒரு பேச்சுக்கு.”

ஃபோல்கெ விரல்விட்டு வகுத்துப் பார்த்தார். “பதினாலு.”

“பட்டினி கிடக்காம?”

“க்ரீம் பன் தின்னுக்கிட்டே பதினாலு. ஆனா ஐரிஸோட தராசைக் கொண்டுபோய் நின்னீங்கன்னா அங்கேயும் எண்பத்திநாலுதான் காட்டும்.”

ஏனென்று அவர் அடுத்த பக்கத்தைப் படித்து விளக்கினார். நிலாவில் ஆளும் இலேசாவார், ஆளை நிறுக்கிற குண்டும் இலேசாகும். அதனால் குண்டுத் தராசுக்கு வித்தியாசம் தெரியாது. குளியலறையில் வைத்திருக்கிற சுருள்வில் எடை இயந்திரம்தான் பதினாலு காட்டும். நிலாவுக்கே போனாலும் ஐரிஸின் கையிலிருந்து தப்ப முடியாது என்பது டாக்னியை அன்றிரவு முழுக்க உறுத்தியது. அடுத்த வாரம் ஊசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

அதற்கும் அடுத்த வாரம் பெரிய சண்டை வந்தது. விழுந்துகொண்டிருக்கிற ஒருவருக்கு, விழுகிற நேரம் முழுக்க, எடையே இல்லை என்று புத்தகம் சொல்லிவிட்டது. எழுதினவர் ஏதோ அழகுக்காகச் சொல்லியிருப்பார் என்றார் ஃபோல்கெ. சிக்ஸ்டன் மேசையைத் தட்டினார். இளவயதில் அவரோடு கப்பலில் இருந்த ஒருத்தன் பாய்மரத்திலிருந்து கடலில் விழுந்திருக்கிறான். “எடையில்லாதவன் விழுந்த மாதிரி எனக்குத் தெரியல. அவன் விழுந்து தெறிச்ச தண்ணி என் சூப்புல வந்து விழுந்துச்சு.”

டாக்னி மாவு மூட்டையை நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சமையலறையில் மூட்டையைக் கையில் ஏந்தினால் கனக்கிறது, கீழே போக விடாமல் கை தடுப்பதால். மூட்டையோடு கையும் சேர்ந்து விழுந்தால் மூட்டை கையை எப்படி அழுத்தும்? அப்படியானால் அவள் காலுக்கடியில் இருக்கிற எடை இயந்திரமும் அவளோடு சேர்ந்து விழுந்தால்?

இதை வாய்விட்டுச் சொன்னபோது இரண்டு ஆண்களும் சண்டையை நிறுத்தினார்கள். காபியும் தீர்ந்திருந்தது.

ஹில்டிங் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருந்த லிஃப்டுகள் எல்லாம் அவன் பொறுப்பு. துறைமுகத்துக்கு எதிரே இருந்த எட்டு மாடிக் குடியிருப்பின் லிஃப்ட் அவனுக்குச் செல்லம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் டாக்னி குளியலறை எடை இயந்திரத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போனாள். லிஃப்டுக்குள் அதன்மேல் ஏறி நின்று, மேலும் கீழும் போக ஆரம்பித்தாள். கீழே கிளம்புகிற நொடியில் முள் ஆறேழு கிலோ இறங்கியது. சீராகப் போகும்போது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தரைத்தளத்தில் வந்து நிற்கிற நொடியில் குறைந்ததெல்லாம் திரும்பி வந்து மேலே ஏறி உட்கார்ந்தது. கீழே போவதால் குறையவில்லை, கீழே போகக் கிளம்புவதால்தான் குறைகிறது என்று அவளே கண்டுபிடித்தபோது, தனியாக நின்று சிரித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஐந்தாம் மாடியில் குடியிருக்கிற, வாலின் என்கிற அம்மா, அவருடைய குட்டைக்கால் நாயோடு நின்றிருந்தார்.

“லிஃப்டுக்குள்ள குளியலறை வெச்சுட்டாங்களா?” என்றார் வாலின் அம்மா.

டாக்னி விஷயத்தைச் சொன்னாள். வாலின் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு நாயைத் தூக்கி இயந்திரத்தின் மேல் வைத்தார். லிஃப்ட் கிளம்பியது. நாய் ஒரு கிலோ குறைந்தது. மிருக வைத்தியர் கோடைக்குள் குறைக்கச் சொன்னது அதே ஒரு கிலோதான். தரைத்தளத்தில் அது திரும்பி வந்ததை வாலின் அம்மா பார்க்க மறுத்துவிட்டார்.

வியாழக்கிழமை வழக்கம்போலப் பட்டாணி சூப் சாப்பிடும்போது டாக்னி கணவனிடம் பேச்சைத் தொடங்கினாள்.

“ஹில்டிங், கயிறு அறுந்துபோச்சுன்னா முள் எங்க நிக்கும்?”

“எந்தக் கயிறு?”

“லிஃப்ட் கயிறுதான்.”

ஹில்டிங் கரண்டியைக் கீழே வைத்தான். “அது அறாது.”

“ஒரு பேச்சுக்கு.”

“பேச்சுக்கும் அறாது.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. ஒரு கயிறு இல்லை, பல கயிறு. கயிறு போனால் பிரேக், பிரேக் போனால் அதற்குக் கீழே இன்னொரு பிரேக். போன மாதம்தான் எல்லாவற்றையும் கழற்றி எண்ணெய் போட்டிருக்கிறான். சொந்தப் பெண்டாட்டியே சூப் சாப்பிடுகிற இடத்தில் இப்படிக் கேட்டால் ஊரில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அதற்குப் பிறகு, சூப்புக்கு அடுத்து வருகிற பான்கேக்கையும் தொடாமல் எழுந்துபோனான். சில நாள் வீட்டில் உப்பைத் தள்ளு, கதவைச் சாத்து என்பதைத் தவிரப் பேச்சில்லை.

லிஃப்ட் வழி அடைபட்டுப்போனது. விஷயம் அதோடு ஆறியிருக்கும். ஆனால் மே மாதம் தங்கைக்குப் பார்சல் அனுப்ப டாக்னி தபால் நிலையத்துக்குப் போகவேண்டி வந்தது. வரிசையில் ஏழெட்டுப் பேர். ஐரிஸ் பார்சலைத் தராசில் வைத்தாள்.

“ரெண்டு கிலோ முந்நூறு. இதோட எடை தெரிஞ்சுபோச்சு. உன்னோடதுதான் ஜனவரியிலேருந்து தெரியல.”

டாக்னி நிமிர்ந்து நின்றாள். “எடைங்கறது என்னோடது இல்ல ஐரிஸ். தரை என்னைத் தாங்குதே, அதோட கணக்கு. தரை இல்லைன்னா எடையும் இல்ல.”

“அப்படியா? உன் பாவாடைப் பட்டன் போட வரமாட்டேங்குதே, அதுவும் தரை பண்ற வேலையா?”

வரிசை சிரித்தது. புத்தகத்தில் பட்டனைப் பற்றி இதுவரை வரவில்லை. அந்தக் கோபத்தில் டாக்னி, கடலில் குளிக்கிற இடத்துத் தாவு கோபுரத்திலிருந்து எடை இயந்திரத்தோடு குதித்து முள் சைபரில் நிற்பதைக் காட்டுகிறேன், ஜூன் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து பார் என்று சொல்லிவிட்டாள். தபால் நிலைய வரிசையில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அன்று மாலைக்குள் ரொட்டிக்கடையில் அவளிடம், கோபுரத்தின் எந்தத் தட்டிலிருந்து என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. அவள் வாழ்க்கையில் குதித்தது இல்லை. கோடையில் படிக்கட்டு வழியாகக் கடலில் இறங்கி, முலாம்பழம் மிதப்பதுபோல் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு ஏறிவிடுகிறவள். சொன்னதை வாபஸ் வாங்கலாம் என்று ஹில்டிங் சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ எடை இயந்திரத்தைப் பட்டறைக்கு எடுத்துப்போய், அதன் இரண்டு பக்கமும் தோல்வார் வைத்துச் செருப்பு மாதிரிக் கால் நுழைக்கும்படி செய்துகொண்டுவந்தான். வார் காலை இறுக்கக்கூடாது, இறுக்கினால் முள் பொய் சொல்லும் என்று தானாகவே யோசித்துத் தளர்வாக வைத்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. தண்ணீர் பதினாலு டிகிரி. லோவ்ஹாமில் அதைச் சூடு என்றுதான் சொல்லுவார்கள். கரையில் படிப்பு வட்டம், எடைகுறைப்போர் சங்கம், நாயோடு வாலின் அம்மா, இவர்களோடு வெறுமனே வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊர். சிக்ஸ்டன் தன் துடுப்புப் படகைக் கோபுரத்துக்குக் கீழே கொண்டுவந்து, பழைய உத்தியோகத் தொப்பியை மாட்டிக்கொண்டு, கையில் கொக்கிக்கம்போடு நின்றார். கப்பலை வழிநடத்துகிற மாதிரியே, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி விழவேண்டும் என்று மேலே பார்த்து உத்தரவு போட்டார்.

ஹில்டிங் அவளுக்கு முன்னால் ஏறிப்போய் ஐந்து மீட்டர் தட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தான். இரண்டு அவனுக்குத் திருப்தியாக இல்லை. அவற்றை முடுக்கியபிறகுதான் அவளை மேலே வரவிட்டான். டாக்னி நீலநிற நீச்சலுடையும் ரப்பர் தொப்பியுமாக ஏறினாள். கால்களை வாருக்குள் நுழைத்து நிமிர்ந்தாள்.

“எவ்வளவு?” என்றாள் கீழேயிருந்து ஐரிஸ்.

டாக்னி குனிந்து பார்த்து ஹில்டிங்கின் காதில் சொன்னாள்.

“சத்தமா சொல்லு,” என்றாள் ஐரிஸ்.

“எண்பத்தியாறு.”

கரையில் யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு உயரத்தில் நின்று உண்மை பேசுகிறவளைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் வரவில்லை.

எடை இயந்திரத்தைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. அவள் அங்குலம் அங்குலமாக, தட்டின் ஓரத்தை நோக்கி இழுத்து இழுத்து நகர்ந்தாள். ஓரத்துக்கு வந்ததும், குதிப்பதற்கு முன்னால் விஷயத்தை விளக்கிவிடுவது நல்லது என்று தோன்றியது. கையை உயர்த்தினாள். “இப்போ இந்தப் பலகை என்னைத் தாங்குது. அதனாலதான் எண்பத்தியாறு. பலகை என்னைக்கு என்னை விட்டுடுதோ…”

பலகை அப்போதே விட்டுவிட்டது. இயந்திரத்தின் முன்பக்கம் ஓரத்தைத் தாண்டியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. வாக்கியம் பாதியில் நிற்க, ஆள் நேராக இறங்கினாள்.

ஐந்து மீட்டர் விழ ஒரு நொடி ஆகும். கரையில் இருந்தவர்களுக்கு அது வெறும் நொடி. டாக்னிக்கு அப்படி இல்லை. பயப்படுவதற்கு முன்னால், பழக்க தோஷத்தில், காலைப் பார்த்தாள். முள் சைபரில் நின்றது. ஆடாமல், ஒரு வெட்கமும் இல்லாமல், கடையில் வாங்கின அன்று நின்ற மாதிரி நின்றது. பள்ளிச் சமையலறையின் கல் தரையில் நின்று நின்று அவள் பாதங்களில் எப்போதும் ஒரு வலி இருக்கும். காலையில் எழுந்தால் கூடவே எழுந்து, ராத்திரி கூடவே படுக்கிற வலி. அது அந்த நேரத்தில் இல்லை. கால் எதன்மேலும் இல்லை, எதுவும் காலின்மேல் இல்லை. புத்தகக்காரர் அழகுக்காகச் சொல்லவில்லை என்று நினைத்தாள். அவரைப் பற்றி அப்படிப் பேசவிட்டது தப்பு என்றும் நினைத்தாள்.

பிறகு தண்ணீர் வந்தது. தட்டையான எடை இயந்திரத்தோடு தண்ணீரில் இறங்குவது கதவை உதைத்து உடைக்கிற மாதிரி. அந்தச் சத்தத்துக்கு வாலின் அம்மாவின் நாய் கரைமுழுக்க ஓடியது. சிக்ஸ்டன் கொக்கியைத் தோல்வாரில் மாட்டி, முதலில் காலையும் பிறகு ஆளையும் படகுக்குள் இழுத்தார். டாக்னிக்கு மூச்சு வாங்கியது. இடது கணுக்கால் ரொட்டி மாவு மாதிரி உப்பிக்கொண்டு வந்தது.

“சைபர்,” என்றாள். “நான் பார்த்தேன்.”

படகு கரைக்கு வந்தபோது ஐரிஸ் குனிந்து இயந்திரத்தை எடுத்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. முள் மறுகோடிக்குப் போய்ச் சிக்கிக்கொண்டு நின்றது. ஐரிஸ் தன் செவ்வாய்க்கிழமைக் குரலில் வாசித்தாள்.

“நூத்திமுப்பது.”

இப்போது கரை சிரித்தது. ஹில்டிங் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மனைவியின் காலைக் கையில் பிடித்திருந்தான். டாக்னி எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“அதுவும் சரிதான்,” என்றாள். “மேல இருக்கும்போது எண்பத்தியாறு. வர்ற வழியில சைபர். தண்ணி தடுத்தப்ப நூத்திமுப்பதுக்கும் மேல. இதுக்கெல்லாம் நடுவுல நான் ஒரு பிஸ்கட்கூட சாப்பிடல, ஐரிஸ்.”

ஐரிஸ் இயந்திரத்தையும் டாக்னியையும் மாறிமாறிப் பார்த்தாள். கடுமையான பெண்தான், ஆனால் தராசு சொன்னதை மறுக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

“முள்ளை உன் கண்ணால பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“அப்போ சைபர்தான். ஆனா சங்கத்துல அதைச் சேர்த்துக்க முடியாது. அங்க தரையில நின்னு பார்த்தாத்தான் செல்லும்.”

இதைவிட நியாயமாக யாராலும் சொல்ல முடியாது என்று டாக்னிக்குத் தோன்றியது. கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தபோது புத்தகத்தின் அடுத்த அத்தியாயத்தைத் தானே படித்தாள். அங்கே பட்டன் விவகாரத்துக்கும் பதில் இருந்தது. எடை வரும் போகும், ஆளுக்குள் இருக்கிற சரக்கு அப்படியேதான் இருக்கும். அதற்கு நிறை என்று பெயர். நிலாவானாலும் கோபுரமானாலும் அது குறையாது. பன்றித்தொடை போய்ச் சேர்வது அந்தக் கணக்கில். அதை அளக்க ஐரிஸின் குண்டுத் தராசுதான் சரி என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒப்புக்கொண்டதும் தானே போன் போட்டு ஐரிஸிடம் சொன்னாள். ஐரிஸ், இத்தனை வருஷத்தில் தராசைப் பாராட்டி ஒருத்தரும் போன் பண்ணினதில்லை என்றாள்.

இலையுதிர் காலத்தில் வட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள், டாக்னி இரண்டுக்கும் போகட்டும் என்று. ஐரிஸும் வந்து சேர்ந்தாள். படிப்பதில் எதையும் சுலபத்தில் நம்பமாட்டாள். அதனால் சிக்ஸ்டனுக்கு அவளைப் பிடித்துப்போனது. எட்டு மாடிக் குடியிருப்பின் லிஃப்டில் சங்கத்துப் பெண்கள் துண்டில் சுற்றின பொட்டலத்தோடு காரணமில்லாமல் ஏறி இறங்குவதாகப் புகார் வந்தது. எடை பார்ப்பதற்கு அல்ல என்று ஹில்டிங் ஓர் அறிவிப்பு ஒட்டினான். அதைப் படித்துத்தான் மற்ற குடியிருப்புக்காரர்களுக்கே விஷயம் தெரிந்தது.

செப்டம்பரில் ஒருநாள் டாக்னியும் ஹில்டிங்கும் காட்டில் சிவப்பு லிங்கன்பெர்ரிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியான வேளை. பைன் மரங்களுக்கு மேலே, வெளுத்துப்போய், நிலா தெரிந்தது. ஹில்டிங் வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். அவள் படிக்கப் போனதிலிருந்து அவன் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“அது ஏன் விழல?”

“விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு,” என்றாள் டாக்னி. ஒரு பழத்தை எடுத்து முன்னால் எறிந்தாள். அது வளைந்து போய்ப் பாசியில் விழுந்தது. இன்னொன்றை இன்னும் வேகமாக எறிந்தாள், அது இன்னும் தள்ளிப்போய் விழுந்தது. “இன்னும் இன்னும் வேகமா எறிஞ்சா, அது விழற அளவுக்குத் தரையும் வளைஞ்சு கீழ போய்க்கிட்டே இருக்கும். எட்டவே எட்டாது. நிலா அப்படித்தான். பக்கவாட்டுலயும் ஓடுது, விழவும் விழுது. சுத்திக்கிட்டே இருக்கு.”

“கயிறு இல்லாம?”

“கயிறு இல்லாம.”

ஹில்டிங் அதை மனதில் போட்டு உருட்டினான். வாளி பாதி நிரம்பும்வரை குனிந்து பறித்தான். பிறகு நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு மறுபடி மேலே பார்த்தான்.

“அதுக்கு சர்வீஸ் யாரு பாக்கறா?”

“யாரும் இல்ல.”

“எத்தனை வருஷமா?”

“பூமி உண்டாகிக் கொஞ்ச நாள்லேருந்தே.”

ஹில்டிங் தலையை ஆட்டினான். இது தனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்றான். ஆனாலும் இப்படி ஓடுகிற ஒன்றை அவன் இதுவரை பார்த்ததில்லை என்று சேர்த்துக்கொண்டான். பிறகு அவள் எறிந்த இரண்டு பழத்தையும் பாசிக்குள் தேடி எடுத்து, வாளியில் போட்டான்.